பதில் வராத இன்டர்வியூ

போன நவம்பரில் மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. குக்கர்கூட அடுப்பில் ஏறவில்லை, விசில் சத்தம் உள்ளே கேட்டுவிடுமாம். மகள் வயிற்றுப் பேத்திக்கு இன்டர்வியூ.

கோயம்புத்தூரில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவள். பெங்களூரில் ஓர் ஆலோசனை, ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பெயர் வேண்டாம். கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் தகவல் திரட்டி, கணக்குப் போட்டு, இப்படிச் செய்யுங்கள் என்று யோசனை சொல்வது அவர்கள் தொழில். இன்டர்வியூவுக்காக ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை, எல்லாம் லேப்டாப் திரையிலேயே முடிந்துவிடும் என்றாள். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. குன்னூரில் நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மண் சரியும், மலை ரயிலை என்றைக்கு நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கரண்டும் அப்படித்தானே! பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து, நெட் போய்விட்டால் என் போனையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து வைத்தோம்.

மொத்தம் நான்கு சுற்று. முதலில் கணக்குப் பரீட்சை. இரண்டாவது சுற்றில் ஒரு இளைஞர் கேட்ட கேள்வியை அவள் வெளியே வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘ஊட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை கப் டீ விற்கும்?’ இதற்கு யாரிடம் விடை இருக்கிறது? விடை அவர்களுக்கும் தெரியாதாம், தேவையும் இல்லையாம். ஊர் ஜனத்தொகை இவ்வளவு, சீசனில் வருகிறவர்கள் இவ்வளவு, அதில் கடையில் குடிப்பவர்கள் இத்தனை பேர் என்று படிப்படியாக யோசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். ‘கேஸ் இன்டர்வியூ’ என்று பெயர். உலகம் முழுக்க ஆலோசனைக் கம்பெனிகள் இப்படித்தான் ஆள் எடுக்கின்றன என்றாள். யோசித்துப் பார்த்தேன், நல்ல முறைதான். நான் வேலைக்குப் போன காலத்தில் இன்டர்வியூ என்றால் அஸ்ஸாமின் தலைநகர் எது, உன் மாமா எங்கே வேலை பார்க்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்றுதான் விஷயம். வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுடைய வருமானத்தைக் கூட்ட மூன்று வழி, பதினைந்து பக்கத்துக்கு மிகாமல், ஐந்து நாளில். நம் ஊர்ப் பெண் என்று தெரிந்து கொடுத்தார்களோ என்னவோ! பிள்ளை அதை வீட்டுப்பாடமாக நினைக்கவில்லை. மழையில் குடையோடு கிளம்பி, கேத்தி பக்கம் இரண்டு ஹட்டிகளுக்குப் போய் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசினாள். ஒரு கிலோ தூள் செய்ய நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்ற கணக்கில் ஆரம்பித்து, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் இலை விலை, குன்னூர் ஏலத்தில் தூள் போகிற விலை, கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவர்களின் பாடு, தனியார் தொழிற்சாலைக்குப் போடுகிறவர்களின் பாடு, பறிப்புக் கூலி என்று எல்லாவற்றையும் அட்டவணையாக்கினாள். நாற்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், அது மேலதிகாரிக்கு அப்படியே அனுப்பக்கூடிய குறிப்பு. ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

நான்காவது சுற்றில் பெரியவர் ஒருவர் வந்தார். அந்தப் பதினைந்து பக்கத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்.

அதோடு சரி.

டிசம்பர் போனது, பொங்கல் போனது. இவள் இரண்டு மெயில் போட்டாள். பதில் இல்லை. இதற்கிடையில் கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில், சம்பளம் குறைவு என்றாலும், கையில் கிடைத்திருந்த வேலையை ‘பத்து நாள் டைம் கொடுங்கள்’ என்று தள்ளி வைத்திருந்தாள். அவர்கள் கொடுத்தார்கள். இன்னும் ஒரு பத்து நாள் கேட்டாள், அதையும் கொடுத்தார்கள். மூன்றாவது முறை கேட்க அவளுக்கே கூச்சம். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மில்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“விடுங்க தாத்தா, எல்லாருமே இப்படித்தான். கோஸ்டிங்னு பேரு” என்றாள். பேய் மாதிரி மறைந்துவிடுவது என்று அர்த்தமாம். இதற்கு ஒரு பெயரும் வைத்து, வழக்கம்தானே என்று இந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது எனக்குப் பதினொரு வயது. படித்ததெல்லாம் பிரெஞ்சில். எங்கள் வாத்தியார் கணக்கைவிடக் கடிதம் எழுதுவதற்குத்தான் அதிகம் அடித்தார். வந்த கடிதத்துக்கு முதல் வேலையாக ‘ஆக்யூசே தெ ரெசெப்ஸியோன்’, அதாவது கிடைத்தது என்று ஒப்புகை, போட வேண்டும். அப்புறம்தான் விஷயம். முடிவில் ‘முசே அவர்கள் என் மேலான மதிப்பை ஏற்றருள வேண்டும்’ என்கிற பாணியில் ஒரு முழ நீளத்துக்கு வணக்கம். ஆங்கிலம் நான் பிற்பாடு தட்டுத்தடுமாறிக் கற்றது.

1973-ல் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டை வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு அலைந்தேன். முதல் இடத்தில் அதிகாரி ‘சிட் டவுன்’ என்றதும் பதற்றத்தில் “வுய் முசே” என்றுவிட்டேன். நான்கு பேரும் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. சைக்ளோஸ்டைல் செய்த மூன்று வரி. தாங்கள் தேர்வு செய்யப்படவில்லை என்று வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அன்று ராத்திரி அழுதேன், மறுநாள் காலை வேறு விண்ணப்பம் எழுதினேன். அந்தக் கார்டு மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் மாசக்கணக்கில் தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த வருடம் குன்னூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. முதல் மூன்று வருடம் டெஸ்பாட்ச் செக்‌ஷன். அங்கே நடக்கும் இன்டர்வியூக்களுக்கு நாற்காலி போடுவதிலிருந்து, கிடைக்காதவர்களுக்குக் கடிதம் டைப் அடிப்பது வரை என் வேலை. நாற்பது பேர் வந்து ஒருவரை எடுத்தால் முப்பத்தொன்பது கடிதம். தபால் ஆபீஸில் ‘அண்டர் சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்’ முத்திரை வாங்கி வர வேண்டும். அந்த வசதியை 2011-ல் எடுத்துவிட்டார்கள், நான் ஓய்வு பெற்றதும் அதே வருடம். எனக்கு அந்த வேலை எரிச்சலாக இருக்கும். எதற்கு சார் இவ்வளவு கடிதம் என்று ஒருமுறை சூப்பிரண்டெண்டிடம் கேட்டே விட்டேன். “நீ எந்தத் தேதியில் கார்டு வாங்கினாய் என்று உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதல்லவா?” என்றார். இருந்தது.

அந்தக் காலத்து அரசாங்க இன்டர்வியூ யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் மெல்லிசாக பென்சில் டிக் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஸ்ரீநகர் ரீஜனல் என்ஜினீயரிங் காலேஜ் சேர்க்கை பற்றி அஜய் ஹாசியா என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 100, இன்டர்வியூவுக்கு 50 மார்க். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான், அப்பா யார், ஊர் எது என்றுதான் கேட்டார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். 1980 நவம்பரில் வந்த தீர்ப்பில், இன்டர்வியூவுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று சொன்னார்கள். பேசுவதை டேப்பில் பதிவு செய்து வைத்தால் நல்லது என்றும் சொன்னார்கள். கடைசியில் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும் கெசட் அந்தஸ்து இல்லாத குரூப் பி பணிகளுக்கும் இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. நான் நாற்காலி போட்ட வேலையே இன்றைக்கு இல்லை!

ஆனால் அரசாங்கத்தில் ஒரு வழி இருக்கிறது. பட்டியல் ஒட்டுவார்கள். மார்க் தெரியாவிட்டால் 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். விடைத்தாளைப் பார்க்கவும் உரிமை உண்டு என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியார் கம்பெனியில் இதெல்லாம் கிடையாது. சரி, உள்விவகாரத்தைச் சொல்ல வேண்டாம். ஏன் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்ல வேண்டாம். எடுக்கவில்லை என்பதையாவது சொல்லலாமே?

என் மருமகன் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், அவர்கள் பக்கம் பேசுகிறார். “மாமா, ஒரு வேலைக்கு ஐயாயிரம் விண்ணப்பம் வருது, எல்லாருக்கும் எப்படிப் பதில் போடறது?” என்கிறார். ஐயாயிரம் பேருக்குப் போடச் சொல்லவில்லை மாப்பிள்ளை. நான்காவது சுற்று வரை வந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்களா? ஒரு ஆளிடம் ஐந்து நாள் உழைப்பை வாங்கிக்கொண்ட பிறகு கணக்கு வேறு. அந்தப் பதினைந்து பக்கத்தை அவர்கள் வேறு எங்கோ காசாக்கிவிட்டார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் கூலி இல்லாமல் வேலை வாங்குவதற்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசிக்கத்தான் செய்கிறேன். வீட்டுப்பாடம் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை கொடுக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கத்தோடு நிறுத்தட்டும்.

பழைய பழக்கத்தில் பிரான்ஸ் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வேலைக்கு வருகிறவரிடம் அந்த வேலைக்கான திறமையை அறிவதற்கு வேண்டியதை மட்டுமே கேட்கலாம், எந்த முறையில் எடைபோடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று 1992 டிசம்பர் 31-ந் தேதிச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். பதில் போட்டே ஆக வேண்டும் என்று மட்டும் இல்லை. வாத்தியார் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். அதைச் செய்திருப்பது கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணம், நம் தமிழர்கள் ஏராளமாக இருக்கும் டொரொன்டோ நகரம் அங்கேதான். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பகிரங்கமாக விளம்பரம் செய்து ஆள் எடுத்தால், இன்டர்வியூ நடந்து 45 நாளுக்குள் முடிவாகிவிட்டதா இல்லையா என்று வந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே கம்பெனி எதுவும் இதனால் மூழ்கிப்போனதாகத் தெரியவில்லை. நம் ஊரிலும் இதைக் கொண்டு வரலாம். 45 நாள்கூட வேண்டாம், 30 போதும். மெயிலுக்குத் தபால் தலைகூட ஒட்ட வேண்டியதில்லை.

பிப்ரவரியில் பேத்திக்காக நானே ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பார்வை, பொருள், தேதிவாரியாகப் பன்னிரண்டு வரி. அவள் படித்துவிட்டுச் சிரித்து, இரண்டு வரியாகச் சுருக்கி அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை. இதற்குள் சென்னையில் வேறொரு ஆய்வு நிறுவனத்துக்கும் எழுதியிருந்தாள். போன வியாழக்கிழமை அங்கே இன்டர்வியூ முடிந்தது. சனிக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

“இல்லைன்னு சொல்லிட்டாங்க தாத்தா! ரெண்டே நாள்ல! காரணமும் எழுதியிருக்காங்க பாருங்க.”

புள்ளியியல் மென்பொருளில் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள் என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அப்புறம் பஜாருக்குப் போய் வர்க்கி வாங்கி வந்தேன். அன்று சாயந்திரம் டீயோடு அதைத் தின்றுகொண்டே எந்த வகுப்பில் சேரலாம், எவ்வளவு ஃபீஸ் ஆகும் என்று கணக்குப் போட்டோம்.