மக்கள் பார்க்கட்டும், முழுமையாகப் பார்க்கட்டும்!

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை என்பது காற்றில் பறந்து வந்த ஓர் உலோக வில்லையாக இருந்தது. ‘சாப்பா’ என்று அதற்குப் பெயர். கூடி நிற்கும் தொழிலாளர்களுக்கு நடுவே கங்காணி அதை வீசி எறிவார். முண்டியடித்துப் பிடித்தவருக்கு அன்றைக்கு வேலை. பிடிக்க முடியாதவர் வீட்டில் அன்றைக்குப் பட்டினி. இந்த இழிவை எதிர்த்து மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் 1953இல் நடத்திய வேலைநிறுத்தத்தின் மீது செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய தோழர்கள் அந்தப் போராட்டத்தின் தியாகிகளானார்கள். துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை முறைப்படுத்தும் சட்டம் 1948லேயே இயற்றப்பட்டிருந்தது. ஏட்டில் கிடந்த அந்தச் சட்டம் கொச்சித் துறையில் உயிர்பெற இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

சட்டம் அவையில் எழுதப்படுகிறது. அதன் பலனும் பாதிப்பும் துறைமுகத்திலும் ஆலையிலும் வயலிலும் தெரிகின்றன. அப்படியானால், அவையில் தன் பெயரால் அமர்ந்திருப்பவர் என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார், எப்போது மௌனம் காத்தார் என்பதை உழைப்பாளி தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் கைக்குக் கை செல்பேசியும் வந்துவிட்ட காலத்திலும் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. 2020 செப்டம்பரில் அடுத்தடுத்து வந்த நான்கு நாட்கள் அதற்குச் சான்று.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தன. மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தின் மீது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் ‘டிவிஷன்’ வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோரினர். ஓர் உறுப்பினர் கோரினாலும் டிவிஷன் நடத்துவதே அவை மரபு. அவையை நடத்திய துணைத்தலைவர் ஹரிவன்ஷ் அதை மறுத்தார். குரல் வாக்கெடுப்பிலேயே எல்லாம் முடிந்தது. அந்த அமளிக்கு நடுவே மாநிலங்களவைத் தொலைக்காட்சியின் நேரலையில் ஒலி நின்றுபோனது. நாடு முழுவதும் விவசாயிகள் வாய்கள் அசைவதைப் பார்த்தார்கள், குரல் கேட்கவில்லை.

டிவிஷன் கோரியவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் அதே தொலைக்காட்சியின் பதிவை ஓர் ஆங்கில நாளேடு ஆராய்ந்தபோது, திமுகவின் திருச்சி சிவாவும் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே.ராகேஷும் தங்கள் இருக்கையில் இருந்தபடியே டிவிஷன் கோரியது தெரியவந்தது. ஒலியைத் துண்டிக்க முடிந்தது. காட்சியை அழிக்க முடியவில்லை. அதிகாரத்தில் இருப்போர் நேரலையைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மறுநாள், செப்டம்பர் 21 அன்று, எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் எளமரம் கரீம், கே.கே.ராகேஷ் ஆகிய இருவரும் கேரளத்திலிருந்து சென்றவர்கள். இதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. அந்தச் சூழலைப் பயன்படுத்திக்கொண்டு மோடி அரசு 22ஆம் தேதி மக்களவையிலும் 23ஆம் தேதி மாநிலங்களவையிலும் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நிறுவனங்களின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டது அப்போதுதான். துறைமுகத் தொழிலாளர்களின் பாதுகாப்பு, சுகாதாரம், நலனுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் சட்டம் என்ற தகுதியை இழந்து, 13 சட்டங்களை விழுங்கிய தொகுப்புக்குள் கரைக்கப்பட்டதும் அப்போதுதான். 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சாப்பாவை ஒழித்த மட்டாஞ்சேரித் தொழிலாளியின் உரிமைகள், எதிர்க்கட்சி இருக்கைகள் காலியாகக் கிடந்த அவையில், டிவிஷன் இன்றி மாற்றி எழுதப்பட்டன.

வேளாண் சட்டங்களின் முடிவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லைகளில் விவசாயிகள் நடத்திய போராட்டத்துக்குப் பணிந்து, 2021 நவம்பர் 29 அன்று அச்சட்டங்களை ரத்து செய்யும் மசோதா கொண்டுவரப்பட்டது. அதுவும் இரு அவைகளிலும் விவாதமின்றிச் சில நிமிடங்களில் முடிக்கப்பட்டது. கொண்டு வந்தபோதும் விவாதத்துக்கு அச்சம். திரும்பப் பெற்றபோதும் விவாதத்துக்கு அச்சம்.

நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொலைக்காட்சியில் காணும் உரிமை படிப்படியாகவே கிடைத்தது. 1989 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உரை முதன்முதலாக ஒளிபரப்பானது. பின்னர் கேள்வி நேரம் வந்தது. சோம்நாத் சாட்டர்ஜி மக்களவைத் தலைவராக இருந்தபோது, 2006இல் மக்களவைக்கெனத் தனித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2011இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சி வந்தது. 2021 செப்டம்பர் 15 அன்று இரண்டும் இணைக்கப்பட்டு ‘சன்சத் டி.வி.’ ஆயின. அதன் கேமரா எந்தப் பக்கம் திரும்பும் என்பது விரைவிலேயே தெரிந்தது. 2023 ஆகஸ்ட்டில் மணிப்பூர் குறித்த நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் ராகுல் காந்தி பேசிக்கொண்டிருந்த நேரத்தின் பெரும்பகுதியில் திரை அவைத்தலைவரின் முகத்தையே காட்டியது என்று காங்கிரஸ் கட்சி குற்றம் சாட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அப்போது நிறைவேற்றப்பட்டன. கேமரா இருந்தது, காட்டுவதற்கு எதிர்ப்புக் குரல் அவையில் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. முதல் மக்களவை ஐந்தாண்டுகளில் 677 நாட்கள் கூடியது. 17ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள் மட்டுமே. அதன் முழுப் பதவிக்காலத்திலும் துணைத்தலைவர் தேர்ந்தெடுக்கப்படவேயில்லை. அவையே கூடாவிட்டால் நேரலையில் பார்ப்பதற்கு எதுவும் இராது. ஆகவே ஒளிபரப்புக்கான கோரிக்கை, அவை போதிய நாட்கள் கூட வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது.

டெல்லியில் கோருவதைத் திருவனந்தபுரத்திலும் கடைப்பிடிக்க வேண்டும். கேரள சட்டமன்றத்தின் ‘சபா டி.வி.’ 2020 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 24 அன்று, பினராயி விஜயன் அரசின் மீது வி.டி.சதீசன் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டுகளையும் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட முதலமைச்சரின் பதிலையும் மக்கள் நேரலையில் கண்டனர். தீர்மானத்துக்கு ஆதரவாக 40 வாக்குகள், எதிராக 87 வாக்குகள். எந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தது, எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது, எது பதிலின்றி நின்றது என்பதைப் பத்திரிகைத் தலைப்புகளை நம்பாமல் தாமே எடைபோட மக்களுக்கு அன்று வாய்ப்புக் கிடைத்தது. ஜனநாயகத்தில் இது சிறிய விஷயமல்ல.

எனினும் 2022 ஜூனிலும் 2023 மார்ச்சிலும் எதிர்க்கட்சியினரின் அவைப் போராட்டங்களைச் சபா டி.வி. காட்டவில்லை என்ற புகார் எழுந்தது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்காலத்தில் எழுந்த இப்புகாரை எதிரிகளின் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சன்சத் டி.வி. திரையில் எதிர்க்கட்சி மறைக்கப்பட்டால் கண்டிக்கும் கட்சி, தன் முன்னணி ஆண்ட மாநிலத்தின் திரைக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். இல்லையேல் டெல்லியில் எழுப்பும் குரலுக்கு வலுவிராது.

கேமரா இடதுசாரிகளின் தவறுகளையும் காட்டும். 2015 மார்ச் 13 அன்று, நிதியமைச்சர் கே.எம்.மாணி நிதிநிலை அறிக்கை சமர்ப்பித்தபோது கேரள சட்டமன்றத்தில் நடந்தவற்றை நாடே பார்த்தது. ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான அமைச்சரை எதிர்த்த அந்தப் போராட்டத்தின் நியாயம், அவைத்தலைவரின் இருக்கை கவிழ்க்கப்பட்ட காட்சியில் மறைந்துபோனது. உறுப்பினர்களுக்கான சிறப்புரிமை குற்றவியல் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்று உச்சநீதிமன்றம் 2021 ஜூலை 28 அன்று தீர்ப்பளித்தது. அவையில் எதைச் செய்தாலும் வேலைமுடிந்து வீடு திரும்பும் தொழிலாளி அதைப் பார்ப்பார் என்ற உணர்வு, மக்கள் பிரதிநிதிகளுக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் நிலை இன்னும் பின்தங்கியது. பேரவை நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு, நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஜனவரியில்தான் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலைக்கு வந்தது. கேள்வி நேரத்தோடு நின்றுவிடுவது போதாது. மானியக் கோரிக்கை விவாதங்களும் மசோதாக்கள் மீதான விவாதங்களும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற பாகுபாடின்றி, முழுமையாக நேரலையில் வர வேண்டும்.

உரிமை கிடைத்தால் மட்டும் போதுமா? அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். கொச்சி சட்டமன்றத் தொகுதியில் 2016இல் வெற்றியைத் தீர்மானித்தது 1,086 வாக்கு வித்தியாசம். மட்டாஞ்சேரியின் சந்துகளையும் செல்லானத்தின் கடலோரத்தையும் உள்ளடக்கிய அத்தொகுதியில், கடல் அரிப்பும் குடியிருப்பும் துறைமுக வேலையும் அன்றாடப் பிரச்சனைகள். செல்லானத்தில் 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் கடல் சுவர் திட்டம் வந்தது மக்கள் தொடர்ந்து போராடியதால்தான். அதன் அடுத்த கட்டம் குறித்து அவையில் யார் கேட்டார், அமைச்சர் என்ன உறுதி அளித்தார் என்பதைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கும் வாக்காளரை எந்த வேட்பாளரும் ஏமாற்ற முடியாது.

இன்று பெரும்பாலானோர் காண்பது விவாதத்தை அல்ல. அரை நிமிடத் துணுக்குகளை. உறுப்பினர் ஒருவர் அரை மணி நேரம் பேசியதில் ஒரு தடுமாற்றத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவது பாஜகவின் சமூக ஊடகப் பிரிவுக்குக் கைவந்த கலை. அதற்குப் பதிலாக வேறொரு துணுக்கைப் பரப்புவது தீர்வாகாது. முழு விவாதத்தையும் பார்த்தவர்கள் கிளைதோறும் இருப்பதே தீர்வு.

கண்ணூரின் பீடித் தொழிலாளர்கள் ஒரு மரபை உருவாக்கினார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவரின் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். அந்தக் கூட்டு வாசிப்புதான் அவர்களை அரசியல்படுத்தியது. அதே மரபை வாசகசாலையின் தொலைக்காட்சிக்கு முன் தொடர முடியும். வெளிப் பகுதியின் டோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும், வேலை தேடி அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து கொச்சி வந்த இளைஞருக்கும் மலையாள விவாதத்தைத் தமிழில் எடுத்துச் சொல்வது அங்குள்ள தோழர்களின் வேலை. 2021இல் தேவிகுளம் உறுப்பினர் அ.ராஜா அந்த அவையில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அந்த அவை தங்களுக்கும் உரியது என்பதைத் தமிழ் பேசும் உழைப்பாளிகள் உணர வேண்டும்.

எதைக் கவனிப்பது? உரையின் ஆவேசத்தைவிட அதில் உள்ள விவரத்தைக் கவனிக்க வேண்டும். கேள்வி நேரத்தில் அமைச்சரின் பதிலுக்குப் பிறகு உறுப்பினர் கேட்கும் துணைக் கேள்வியில்தான் அவரது தயாரிப்பு தெரியும். மசோதாவின் பிரிவுகள் எடுக்கப்படும்போது திருத்தம் கொடுத்தவர் யார், டிவிஷன் கேட்டவர் யார், அந்த நேரத்தில் அவையிலேயே இல்லாதவர் யார் என்று பார்க்க வேண்டும். கேமரா காட்டாத வேலையும் உண்டு. கேரளத்தில் 1980 முதல் செயல்படும் துறைவாரிக் குழுக்களின் கூட்டங்கள் நேரலையில் வருவதில்லை. அங்கே உறுப்பினர் என்ன செய்தார் என்பதை மக்கள் கூட்டத்தில் அவரிடமே கேட்க வேண்டும். கட்சியின் உறுப்பினர் என்பதால் கேள்விகளிலிருந்து அவருக்கு விலக்கு இல்லை. அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

1871இல் பாரிஸ் கம்யூன், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை எந்த நேரத்திலும் திரும்ப அழைக்கும் உரிமையை மக்களுக்குத் தந்தது. இந்தியச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைக்க இன்றும் சட்டத்தில் இடமில்லை. அந்த உரிமை வரும்வரை, ஐந்தாண்டுகளும் கண்காணிக்கும் வாக்காளரின் கண்ணே உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் கயிறு.

எனவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். எல்லா அவைகளின் எல்லா நடவடிக்கைகளும் ஒலி துண்டிக்கப்படாமல், எதிர்ப்புகளும் உட்பட, நேரலையில் வர வேண்டும். பதிவுகள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டு யாரும் பார்க்கக் கிடைக்க வேண்டும். ஓர் உறுப்பினர் கோரினாலும் டிவிஷன் நடத்தப்பட்டு, யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயருடன் பதிவாக வேண்டும். ஒளிபரப்பை மேற்பார்வையிடும் குழுவில் எதிர்க்கட்சிகளுக்கு உரிய இடமும் சொல்லுக்கு மதிப்பும் வேண்டும்.

சாப்பா வீசப்பட்ட காலத்தில், தன் வாழ்வைத் தீர்மானிக்கும் கை எது என்பது மட்டாஞ்சேரித் தொழிலாளியின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அந்தக் கையை எதிர்த்து அவர் போராடி வென்றார். இன்று அந்தக் கை அவைக்குள் இருக்கிறது. ஒலியைத் துண்டித்தும் கேமராவைத் திருப்பியும் தன்னை மறைத்துக்கொள்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் போராட்டமும், வெளிச்சத்துக்கு வந்ததை விடாமல் பார்க்கும் பொறுப்பும், ஒவ்வொரு கட்சிக் கிளைக்கும் உரியவை.