முதுகில் ஒரு சிறு குழாய்: அஞ்சித் தாமதிக்க வேண்டாம்

சிறுநீர்ப் பாதையில் அடைப்பு ஏற்பட்டவருக்கு, முதுகின் வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் வைக்க வேண்டும் என்று நாங்கள் கூறும்போது, "மருந்திலேயே சரியாகாதா? இரண்டு நாள் பார்க்கலாமா?" என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் உள்ள அன்பை உணர்கிறோம். ஆயினும், அடைப்போடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்திருந்தால் அந்த இரண்டு நாள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கல்லோ கட்டியோ பாதையை அடைத்தால், சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகினால் சீழ் பிடிக்கும். கிருமிகள் இரத்தத்திலும் கலக்கக்கூடும். அழுத்தம் மிகுந்த அச்சிறுநீரகத்திற்குள் மருந்து போதிய அளவில் சென்று சேர்வதில்லை. எனவே மருந்தோடு, தேங்கியதை வெளியேற்றுவதும் இன்றியமையாதது.

இது பெரிய அறுவை சிகிச்சை அன்று. 1955ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட முறை. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேன், எக்ஸ்ரே ஆகியவற்றின் துணையுடன் ஊசி செலுத்தி, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயைப் பொருத்துகிறோம். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. இரத்தக் கசிவு, கிருமித்தொற்று ஆகிய இடர்கள் உண்டு. ஆதலால், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே தெரிவியுங்கள். சிலருக்குச் சிறுநீர்ப்பை வழியாக ஸ்டென்ட் பொருத்துவதே ஏற்றதாக இருக்கும்.

குழாய், அடைப்பின் காரணத்தை நீக்குவதில்லை. அதற்கான கால அவகாசத்தைத் தருகிறது. "அடுத்த சிகிச்சை என்ன? குழாயை எப்போது எடுப்பீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நெடுநாள் தேவைப்பட்டால் வழக்கமாக 2 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முற்றிய புற்றுநோயில் முடிவு கடினமானது: குழாய் வாழ்நாளைக் கூட்டலாம், பையோடு வாழும் சிரமத்தையும் கூட்டும். அம்முடிவை நோயாளிக்குத் தெரியாமல் குடும்பத்தினர் எடுப்பது முறையன்று என்பதே எங்கள் கருத்து. அவருடைய விருப்பத்தை அவரிடமே கேட்போம்.

வீட்டில் பையை எப்போதும் சிறுநீரகத்தின் மட்டத்திற்குக் கீழே வையுங்கள். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நாட்கள் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே. காய்ச்சல், மிகுந்த இரத்தம், சிறுநீர் வடியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வாருங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள். விடியட்டும் என்றும் காத்திராதீர்கள். துளை விரைவில் மூடிக்கொள்ளும்.