கட்டடத்தின் பசுமையை மீட்டர் சொல்லட்டும்

2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. புழுக்கம் கூடக்கூட ஏசிகள் ஓடுகின்றன. அவை ஓடஓட மின்தேவை ஏறுகிறது. அந்த நாள்களில் எல்லாம், ‘மின் உற்பத்தி போதுமா?’ என்றுதான் விவாதிக்கிறோம். அந்த மின்சாரத்தை விழுங்கும் கட்டடங்கள் ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி பேச்சுக்கே வருவதில்லை.

சென்னை, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர். இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. ஆனாலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக, மேற்கு வெயிலை நேருக்கு நேர் வாங்கும் கண்ணாடிச் சுவர்கள் எழும்பியிருக்கின்றன. அடுக்குமாடியின் கடைசித் தளத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறு அவதி: பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், இரவு முழுக்க அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. ஆழமான சன்ஷேடு, மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று தீர்வுகள் தெரிந்தவைதான். ஆனால், அவற்றுக்கான செலவு கட்டுநருடையது. பலனோ பிறகு குடிவருபவருக்கு. மின்கட்டணம் செலுத்தப்போகிறவர் வரைபடம் போடும்போது அங்கே இருப்பதில்லை. சந்தை தானாக இதைச் சரிசெய்யாது என்பதால்தான் அரசின் விதிகள் தேவைப்படுகின்றன.

விதிகள் எங்கே நிற்கின்றன?

இந்தியாவில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு, பெரிய வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பை 2007இல் வெளியிட்டது. 2017இல் அதைத் திருத்தியது. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தும். வெளிச்சுவரில் கண்ணாடியின் பங்கு 40%ஐத் தாண்டக் கூடாது என்பது, அது வகுத்த எளிய வழிமுறையின் நிபந்தனைகளில் ஒன்று. 2022இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புச் சட்டம், குடியிருப்புகளையும் வரம்புக்குள் கொண்டுவர வழி திறந்தது. தெலங்கானா ஒரு படி மேலே போய், இந்த விதித்தொகுப்பை இணையவழிக் கட்டட அனுமதியுடனேயே இணைத்தது. 2023இல் அது அறிவித்த குளிர்கூரைக் கொள்கை, அரசு, வணிகக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளில் எழும் வீடுகளுக்கும் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் கூரையைக் கட்டாயமாக்கியது.

இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால், இவை அனைத்தும் ‘எப்படிக் கட்டப்போகிறீர்கள்?’ என்று கேட்பவை. ‘கட்டிய பிறகு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அவற்றில் இல்லை. பணி நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அரசுக்கும் கட்டடத்தின் ஆற்றல் செலவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களோ இந்த விதிகளின் கண்ணிலேயே படுவதில்லை.

ஒருமுறை சோதித்துவிட்டு விலகிவிடுவதன் விளைவைத் தமிழ்நாடு அறியும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, புதிய கட்டடங்களோடு பழையவற்றுக்கும் அது பொருந்தியது. அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. வேகமாகவே அது நிறைவேறியது. பின்னர் பராமரிப்பைக் கவனிக்க ஆளில்லாமல், தூர்ந்துபோன குழிகளும் ஏராளம். பழைய கட்டடங்களையும் விதிக்குள் கொண்டுவர முடியும் என்பது அந்த அனுபவத்தின் ஒரு பாடம் என்றால், தொடர்ந்து அளக்காவிட்டால் விதி காகிதமாகிவிடும் என்பது இன்னொன்று.

நியூயார்க் போட்ட கணக்கு

நியூயார்க் நகரின் கரியமில உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டடங்களே காரணம். அந்நகரம் படிப்படியாகப் போனது. பெரிய கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் எரிசக்திச் செலவை அறிவிக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டது. அடுத்த கட்டமாக, தரக் குறியீட்டை வாசலில் ஒட்டச் சொன்னது. தாழ்ந்த தரத்தைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்தைத் தெருவே பார்க்கும். அதன் பிறகே, 2019இல் இயற்றிய 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தின் மூலம் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். 2030இல் வரம்பு இன்னும் இறுகும்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. கூட்டுறவுக் குடியிருப்புகளில் வாழும் நடுத்தர வர்க்கத்தினர், பழைய கொதிகலன்களை மாற்றும் செலவைத் தாங்க முடியாது என்று வழக்குத் தொடுத்தார்கள். மாநிலச் சட்டம் இருப்பது, நகரம் இப்படி வரம்பு வைப்பதைத் தடுக்காது என்று 2025 மே மாதம் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அவர்களின் கவலை நியாயமானது. அபராதத்தை மட்டும் நம்பும் கொள்கை, வசதி குறைந்தவர்களைத்தான் முதலில் அடிக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட குடியிருப்புகள் பலவற்றுக்கு மாற்று வழியை அந்தச் சட்டம் வைத்திருப்பது அதனால்தான்.

பழைய கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் சீரமைப்பில் 6,514 ஜன்னல்கள் தூக்கி எறியப்படவில்லை. அதே கண்ணாடிகளைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தினார்கள். எரிசக்திச் செலவை 38% குறைப்பது திட்டத்தின் இலக்கு.

நம் கையில் இருப்பவை

நியூயார்க்குக்குச் சூடேற்றுவது பிரச்சினை; நமக்குக் குளிரூட்டுவது. அந்த வரம்புகளை இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால் அறிவிப்பு, தரம், உச்சவரம்பு என்ற வரிசை நமக்கும் பொருந்தும். முதல் படிக்கு வேண்டிய தரவு ஏற்கெனவே இருக்கிறது. உயரழுத்த மின் இணைப்புகளின் நுகர்வு மாதந்தோறும் மின்வாரியத்திடம் பதிவாகிறது. கட்டடத்தின் பரப்பளவு சொத்துவரிப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது தெரிந்துவிடும். இதே அளவுகோலில் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் திட்டத்தை எரிசக்தித் திறன் அமைப்பு 2009இலேயே தொடங்கிவிட்டது. விரும்பினால் சேரலாம் என்பதே அதன் பலவீனம். ஏசியை வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணும் நாம், அதை மாட்டப்போகும் கட்டடத்தின் நட்சத்திரத்தைக் கேட்க வழியில்லாமல் இருக்கிறோம்.

மூன்று ஷிப்ட் இயங்கும் ஐடி நிறுவனத்தையும் மாலையில் பூட்டப்படும் அலுவலகத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற ஆட்சேபம் வரும். வைக்கக் கூடாது. இயங்கும் நேரத்தையும் பயன்பாட்டின் வகையையும் கணக்கில் சேர்த்து, அலுவலகத்தை அலுவலகத்தோடும் மருத்துவமனையை மருத்துவமனையோடும் ஒப்பிட வேண்டும். வரம்பைப் பெரிய இணைப்புகளோடு நிறுத்திக்கொண்டு, தகரக் கூரை வீடுகளுக்கும் ஏழைகளுக்கான அரசு வாரியக் குடியிருப்புகளின் மேல்தளங்களுக்கும் வெள்ளைப் பூச்சை அரசுச் செலவில் அளிப்பதே நியாயம். அபராதம் கடைசிப் படியாக, போதிய அவகாசத்துக்குப் பிறகு வரட்டும்.

தனியாரைக் கேட்கும் முன் அரசே தொடங்கலாம். தலைமைச் செயலகம் முதல் மண்டல அலுவலகங்கள் வரை, ஒவ்வொரு பெரிய அரசுக் கட்டடமும் தன் ஆண்டு மின் நுகர்வைச் சதுர மீட்டர் கணக்கில் வாசலில் எழுதி வைக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஓர் அரசாணை போதும். தன் கணக்கைக் காட்டிய அரசு மற்றவர்களிடம் கணக்குக் கேட்டால், யாரும் தட்டிக்கழிக்க முடியாது.