சும்மா இருக்கும் நேரமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



கைவேலையின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை எழுது என்றால் நம்மில் யாரும் எழுதிவிடுவோம். ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும், மனத்துக்கு அமைதி தரும், இல்லத்துக்கு அழகு சேர்க்கும் என்ற மூன்று வாக்கியங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே நமக்கு மனப்பாடம். அவற்றில் பின்னிரண்டையும் நான் மறுக்க வரவில்லை. முதல் வாக்கியத்தில் உள்ள ‘ஓய்வு நேரம்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிக்கு அருகில் இருக்கிறது. என் ஆயா ஒயர் கூடை பின்னுவதில் கைதேர்ந்தவர். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு என்று எதைக் கேட்டாலும் போடுவார். ஒயரை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, அடிப்பாகத்தை முதலில் கட்டி, பிறகு சுற்று ஒயரைக் கொண்டு நாலு பக்கமும் எழுப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தால் அந்தப் பக்கமே கோணிக்கொள்ளும். ஆயா பார்க்காமலே விரலால் தடவி, “இங்க ஒண்ணு வுட்டுப்போச்சு” என்று சொல்லிவிடுவார். (ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று அறிவியல் டீச்சர் கேட்கக்கூடும். ஆம், பிளாஸ்டிக்தான். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்ட, ஒரு முறை உபயோகித்துவிட்டு எறியும் பைகளைப் போன்றது அன்று. எங்கள் வீட்டில் காய்கறிக்குக் கொண்டுபோகும் கூடை என்னைவிட வயதில் மூத்தது.)

சென்ற கோடை விடுமுறையில் பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் பச்சையும் வெள்ளையும் கலந்த கூடை ஒன்று வேண்டுமென்றார். மூன்று கட்டு ஒயர், கட்டு 70 ரூபாய் வீதம் 210 ரூபாய். முடிந்த கூடையை அத்தை 300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். முதலில் 350 சொன்னோம். “தெரிஞ்சவங்களுக்கே இப்படியா?” என்று கேட்டதும் ஆயா 50 ரூபாயைக் குறைத்துவிட்டார். எனக்குக் கணக்கில் கொஞ்சம் ஆசை உண்டு. அதனால் ஆயா உட்காரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துவைத்திருந்தேன். மொத்தம் 14 மணி நேரம். மிச்சம் 90 ரூபாய். மணிக்கு ஆறரை ரூபாய்கூட இல்லை!

இதை ஆயாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “சும்மா குந்தினு இருக்கிற நேரந்தானே கண்ணு, அதுக்கு இன்னா கணக்கு?” என்றார்.

என் அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். அவர் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றால் அதற்கு ‘ஓவர்டைம்’ என்று பெயர். அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்பாவின் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவும், ஆயாவின் ஒரு மணி நேரம் ‘சும்மா’வாகவும் ஆனது எப்படி? ஒரே கூரையின் கீழ், ஒரே கடிகாரந்தானே ஓடுகிறது? உண்மையில் ஆயா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. அரிசி புடைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, மாவு அரைத்து முடித்த பிறகு மிஞ்சியதைத்தான் நாம் ஓய்வு நேரம் என்கிறோம்.

நிற்க. ஆயாவின் கணக்கைப் போட்டுக் காட்டிய நானே ஒரு தவறு செய்தவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு பழவேற்காட்டுக்குச் சுற்றுலா சென்றது. ஏரியையும், 1613-இல் எழுந்த டச்சுக்காரரின் ஜெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், டச்சுக் கல்லறைகளையும் பார்த்தோம். பிறகு பனையோலைப் பொருள்கள் செய்யும் பெண்களைப் பார்க்கப் போனோம். அங்குள்ள முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, நாடா நாடாகக் கிழித்து, கொதிக்கும் சாய நீரில் முக்கி எடுத்து உலர்த்துகிறார்கள். அதன் பிறகே பின்னல் தொடங்குகிறது. மூடி போட்ட பெட்டி, விசிறி, தட்டு, பேனாக் கூடு எல்லாம் வண்ண வண்ணமாய் அடுக்கியிருந்தன. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் உட்கார்ந்து ஓலையை மடித்துச் சிலுவை செய்யும்போது நம் விரல்களுக்கு வரும் திண்டாட்டம் நமக்குத் தெரியும். அந்தச் சகோதரிகள் பேசிக்கொண்டே, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பின்னுகிறார்கள்.

நான் ஒரு பேனாக் கூட்டை எடுத்து விலை கேட்டேன். 120 ரூபாய் என்றார்கள். நான் கொஞ்சமும் யோசியாமல் “80-க்குத் தருவீங்களா?” என்றேன். அந்த அம்மாள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, “எடுத்துக்கோம்மா, படிக்கிற புள்ள” என்று கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. திரும்பும் வழியில் பொன்னேரியில் பேருந்து நின்றபோது, சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் வாங்கி, அச்சிட்ட விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தேன். பேரம் பேச வேண்டுமென்று தோன்றவே இல்லை. இரவு படுத்த பிறகுதான் அந்த 40 ரூபாய் என்னை உறுத்தியது. இன்றும் அந்தக் கூடு என் மேசைமேல் இருக்கிறது.

பழவேற்காடு என்ற பெயர் ஒரு காலத்தில் கடல் கடந்து சென்ற பெயர். அங்கிருந்து கப்பலேறிய கைத்தறித் துணிகள் கீழை நாடுகளில் மிகவும் விரும்பி வாங்கப்பட்டன. ‘பழையகாட்டுக் கைலி’ என்ற பெயர் இன்னும் ஜவுளிக்கடைகளில் இருக்கிறது. பனை நமது மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். மரத்துக்கு ஒரு காவல் கிடைத்தது. அதன் ஓலையைப் பின்னும் விரலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நம் பள்ளிக்கு வருவோம். சகோதரியர் கோபிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டில், கல்வி முழுவதும் ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு நடக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மாணவர் செய்யும் பொருள்களின் வருமானமே நாளடைவில் ஆசிரியர் சம்பளத்துக்கு உதவும் என்றுகூட எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. ஆனாலும், மாணவர் கையால் செய்வதற்கு விலை உண்டு என்று நினைத்தார்களே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1977-இல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்க வேலை’ என்ற நீண்ட பெயரோடு அதையே வேறு விதமாகக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பில் இப்போது எங்களுக்குக் கைவேலை நேரம் இல்லை. அதில் கணக்குப் பாடம் நடக்கிறது. பொதுத்தேர்வு வருகிறதே, வேறு என்ன செய்வது?

‘புராஜெக்ட்’ மட்டும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எரிமலை மாதிரி ஒன்று செய்துவரச் சொன்னார்கள். நான் கடையில் ஆயத்தமாக விற்ற தெர்மகோல் எரிமலையை வாங்கிப் போய் முழு மதிப்பெண் பெற்றேன். என் பக்கத்தில் இருந்த தோழி பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, வெந்தயம் சேர்த்து, தானே செய்திருந்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பத்துக்கு ஆறு. எனக்கு அன்று சந்தோஷம். அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. என் தம்பிக்கு ஒயரைத் தொட ஆசை. “பொம்பளப் புள்ளைங்க வேலை” என்று வீட்டில் விரட்டுகிறார்கள். ஆனால் கிறிஸ்மஸ் வந்தால் மூங்கில் சிம்பைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்ததும், வைக்கோலில் குடில் கட்டியதும் முன்பெல்லாம் எங்கள் தெருப் பையன்கள்தாமாம். அவர்களுக்கும் விரல்கள் பத்துதானே! தையலும் பின்னலும் பெண்ணுக்கு என்று ஒதுக்கியதால்தான் அதற்குக் கூலியும் இல்லாமல் போயிற்றோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

“நீ சொல்ற கூலியைப் போட்டா ஒரு கூடை ஆயிரம் ரூபாய் ஆகும், யாருடி வாங்குவா?” என்று அம்மா கேட்கிறார். அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் 1973-இல் அரசு தொடங்கிய கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்களில் ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டுத் தொங்குகிறது. அங்கே போகிறவர்கள் பிடித்தால் அந்த விலை கொடுத்து வாங்குகிறார்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு வருகிறார்கள். தரையில் துணி விரித்து விற்கும் பெண்ணிடம்தான் நம் நாக்கு நீளுகிறது. வாங்க முடியாதவர்கள் வாங்க வேண்டாம். குறைத்துக் கேட்காமல் இருந்தாலே போதும்.

ஆகவே சகோதரியரிடம் என் வேண்டுகோள் ஒன்று. நம் பள்ளி விற்பனை விழாவில் வைக்கும் ஒவ்வொரு கைவேலைப் பொருளிலும், விலைக்குப் பக்கத்தில், அதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதித் தொங்கவிடுவோமே. பெற்றோர் படித்துப் பார்க்கட்டும். விலையை அவர்களே முடிவு செய்தாலும் சரி.

விழாவுக்காக ஆயா அதே மாதிரிப் பச்சை வெள்ளைக் கூடை ஒன்றைப் பின்னி முடித்துவிட்டார். நானும் சீட்டு எழுதிவிட்டேன்: 300 ரூபாய், 14 மணி நேரம். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“பதினஞ்சுனு போடு. நீ பள்ளிக்கூடம் போனப்புறம் கைப்புடியப் பிரிச்சுத் திரும்பப் போட்டேனே, அத வுட்டுட்டியே” என்றார்.

திருத்தி எழுதினேன். இப்போது மணிக்குச் சரியாக ஆறு ரூபாய்.