மழலையர் கையிற் கைபேசி

ஓலையும் எழுத்தாணியும் நம் முன்னோர்க்குக் கல்விக் கருவிகளாயிருந்தன. அவற்றின்பின் அச்சிட்ட நூலும் கற்பலகையும் வந்தன. பின்னர்க் கொப்பியும் பேனையும் வந்தன. இப்பொழுது கைபேசி வந்திருக்கின்றது. முன்வந்த கருவிகள் யாவும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வழியாகவே வீட்டுக்குட் புகுந்தன. கைபேசியோ முதலில் வீட்டுக்குட் புகுந்து, பிள்ளை முன்பள்ளியின் படியை மிதிக்குமுன்னரே அதன் கையில் ஏறிவிட்டது. நாம் காண்பதற்கு முன்பே பிள்ளைக்கு ஓர் ஆசான் வாய்த்துவிட்டான் எனின், அவன் எத்தகையவன் என்று ஆராயாதிருத்தல் ஆசிரியத் தொழிலுக்குப் பொருந்தாது.

உருத்திரபுரத்திலும் அயலூர்களிலும் இளந்தாய்மார் ஆசிரியரைக் கண்டவிடத்து இந்நாளிற் கேட்கும் வினா ஒன்றுண்டு. "சேர், பிள்ளைக்குப் படிக்கிறதுக்கு என்ன 'அப்' போட்டுக் குடுக்கலாம்?" என்பதே அவ்வினா. கேட்பவர் வயலிலோ கடையிலோ தையலகத்திலோ உழைத்து வீடு திரும்புபவர். தம் பிள்ளை விளையாடவும் வேண்டும், விளையாட்டோடு நாலெழுத்துக் கற்கவும் வேண்டும் என்பது அவர் விருப்பம். இது நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று. நேரிய விடை பெறவேண்டிய வினா.

இதற்கு நம்மவர் இருவகை விடை கூறுவர். கைபேசியைப் பிள்ளை தொடவே கூடாது என்பார் ஒருசாரார். காலம் மாறிவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்பார் மற்றொருசாரார். இரண்டும் சிந்தனைச் சிரமத்தினின்று தப்பும் வழிகள் என்பதே என் கருத்து. ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பிற சமயத்தார் கையாண்ட கருவி என்று அவர் அதனை வெறுத்தொதுக்கவில்லை. அக்கருவியில் அவர்கள் அச்சிட்டவற்றையே தம் மாணாக்கர்க்குக் கொடுத்து அமையவுமில்லை. பாலபாடங்களைத் தாமே எழுதி அதில் அச்சிட்டார். கருவியை ஏற்றல் வேறு, கருவியோடு வருவனவெல்லாம் ஏற்றல் வேறு என்பதற்கு நமக்கு இதனினும் அணித்தான சான்று வேண்டுவதில்லை.

முதலிற் குழந்தை எவ்வாறு கற்கின்றது என்பதை நோக்குவோம். அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலவற்றுக்குச் சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து கதை சொல்லி விளையாட்டுக் காட்டினர். அக்குழந்தைகள் சீனமொழிக்குரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர் பேசுவதைத் திரையிலே காட்டினர்; இன்னுஞ் சிலவற்றுக்கு ஒலியை மட்டும் கேட்பித்தனர். இவ்விரு கூட்டமும் ஒன்றுங் கற்கவில்லை. சொல் ஒன்றே, சொல்பவர் ஒருவரே, ஆயினும் நேரிருக்கும் முகம் இல்லாதவிடத்துக் கல்வி நிகழவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டா எனவும், இரண்டு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகட்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, அதனினும் குறைதலே நன்று எனவும் கூறுகின்றது. ஆதலின் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எந்தச் செயலி நல்லது என்று வினவுவார்க்கு விடை எளிது: எதுவும் வேண்டா; தாயின் மடியும் பாட்டியின் பேச்சுமே போதும்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் காரியம் வேறு. இங்கே நல்லது தீயது பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். கல்விச் செயலிகளைப் பற்றி 2015ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் சிலர் எழுதிய ஆய்வுரை நான்கு தன்மைகளைக் குறித்தது. பிள்ளையின் மனம் தொழிற்படல் வேண்டும், கவனம் சிதறலாகாது, கற்பது அதன் வாழ்வோடு பொருந்தல் வேண்டும், பிறரோடு உறவாட இடமிருத்தல் வேண்டும். இந்நான்கையும் நம் எழுத்துப் பயிற்சிச் செயலிகளிற் பொருத்திப் பார்ப்போம். தொட்டவுடன் 'அ' என்று கூவி, வாணவேடிக்கை காட்டி, கைதட்டி ஓயும் செயலியிற் பிள்ளையின் விரல் தொழிற்படுகின்றது, மனம் தொழிற்படவில்லை. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247 என்று கணக்கிடுகின்றோம். அவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்விக்கும் செயலி பிள்ளைக்குச் சுமையாகும். ககர மெய்யோடு ஆகாரம் சேர்ந்தால் 'கா' வரும், அவ்வாறே மகரத்தோடு சேர்ந்தால் 'மா' வரும் என்று சேர்த்துப் பார்த்துத் தானே கண்டுகொள்ளச் செய்யும் செயலி பிள்ளையை மாணாக்கனாக்கும். எழுத்தின் வரிவடிவைத் தொடக்கத்திலிருந்து முறையாக விரலால் வரைவிப்பது நன்று. முடிந்த வடிவத்தை நிறந்தீட்ட மட்டும் விடுவது அத்துணை நன்றன்று.

இனி, இலவசம் என்னும் பெயரில் வருவனவற்றைப் பற்றிச் சொல்லுதல் அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெனப் பெரிதும் பெறப்படும் செயலிகள் 135ஐ மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விளம்பரந் தாங்கியவை. விளையாட்டின் நடுவே திரை முழுவதையும் மறைத்து நிற்பனவும், பிள்ளை விரும்பும் பாத்திரமே அழுது பொருள் வாங்கும்படி தூண்டுவனவும் அவற்றுள் இருந்தன. சிறாரைப் பற்றிய தகவல்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதன்பொருட்டு, 2019ஆம் ஆண்டில் கூகிள், யூடியூப் நிறுவனங்கள் அமெரிக்க அரசுக்குப் பதினேழு கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. ஆறு வயதுப் பிள்ளைக்கு விளம்பரம் எது, பாடம் எது என்று பிரித்தறியும் ஆற்றல் ஏது? கூலிநாளின் வருமானத்திலிருந்து மீள்நிரப்பு அட்டை வாங்கும் குடும்பத்தில், அவ்விளம்பரங்கள் உண்ணும் தரவுக்கும் விலை கொடுப்பவர் அத்தாயே யன்றோ?

குற்றங் கூறுவதோடு நில்லாது, நல்லனவற்றையும் சுட்டுதல் கடன். கான் அகாடமி கிட்ஸ் என்னும் செயலி 2018இல் வெளிவந்தது. கட்டணமோ விளம்பரமோ இல்லாதது. ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு உதவும். ஜீகொம்பிரிஸ் என்பது 2000ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே தொடங்கப்பெற்ற கட்டற்ற மென்பொருள். எண், வடிவம், நினைவாற்றல் முதலியன பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுக்களைக் கொண்டது. ஒருமுறை இறக்கியபின் இணையமின்றியும் இயங்கும். தமிழிற் கதை வேண்டுவோர்க்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திற் படக்கதைகள் பல உள. எவரும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம் என்று உரிமம் வழங்கியிருக்கின்றனர்.

என் மனத்துக்கு மிக உகந்தது ஸ்கிராச் ஜூனியர். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ளார்க்கென 2014ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் ஆக்கியது. அதன் கட்டளைக் கட்டைகளிற் படமேயுண்டு, சொல் இல்லை. பிள்ளை அவற்றைக் கோத்துப் பூனையை ஓடச் செய்யலாம். தான் வரைந்த மாட்டை நடக்கச் செய்யலாம். தன் குரலைப் பதிந்து அம்மாட்டைப் பேசவுஞ் செய்யலாம். அயல்நாட்டார் ஆக்கிய கருவியாயினும், மொழியைப் பிள்ளையே தருமாறு விட்டிருப்பதனால், அது வன்னித் தமிழையும் தடையின்றி ஏற்கின்றது. பேசிக்கொண்டே இருக்கும் செயலியைவிடப் பிள்ளையைப் பேசவிடும் செயலி உயர்ந்தது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்விடத்திலே தமிழாசிரியன் என்னும் முறையில் ஒரு கவலையைத் தெரிவித்தல் வேண்டும். தமிழ்ச் செயலிகள் பல இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன தமிழகத்துப் பிள்ளைகளை நோக்கி ஆக்கப்பட்டவை. அது குற்றமன்று. ஆயினும் நம் பிள்ளை வீட்டிலே 'கதிரை' என்று கேட்கின்றது. செயலி 'நாற்காலி' என்கின்றது. வீட்டிலே 'சவர்க்காரம்', செயலியிற் 'சோப்பு'. வீட்டிலே 'தோடம்பழம்', செயலியில் 'ஆரஞ்சு'. 'காற்று', 'வெற்றி' என்னுஞ் சொற்களில் வரும் இரட்டை றகரத்தை நாம் ஒலிக்கும் வகை வேறு. செயலி ஒலிக்கும் வகை வேறு. நாற்காலி நல்ல தமிழ். அதனையும் நம் பிள்ளை அறிதல் வேண்டும். ஆனால் எது முதலில், எது பின்னர் என்பதே வினா. ஒளிரும் திரை சொல்வது சரி, அம்மம்மா சொல்வது பிழை என்று நாலு வயதிற் பிள்ளை எண்ணத் தலைப்படுமாயின், அது பின்னர் அம்மம்மாவின் வாயிலிருந்து எதனையும் கற்க விரும்பாது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது மொழிக்கும் பொருந்தும்.

பிற மாவட்டத்தாரினும் இதனை நாம் ஆழ்ந்து எண்ணவேண்டியதற்குக் காரணம் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, வீட்டோடு நூல்களும் படங்களும் கடிதங்களும் அழிந்தன. மீளக் குடியேறிய வீடுகள் பலவற்றிற் புத்தக அலுமாரி மீளவில்லை. அதற்கு முன்னே கைபேசி வந்துவிட்டது. எஞ்சிய ஏடு முதியோர் நெஞ்சம் ஒன்றே. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலின் பறவைப் பெயர்களும், பாலைப்பழக் காலத்துக் காட்டுக் கதைகளும், கிளித்தட்டின் முறைகளும் கொக்கான் வெட்டுங்காற் பாடும் பாட்டுக்களும் அந்நெஞ்சங்களில் இருக்கின்றன. பிள்ளைக்கும் முதியோர்க்கும் நடுவே திரை நின்று மறைக்குமாயின், போரிலே தப்பியவற்றையும் இழந்தவராவோம்.

இனிப் பெற்றோர்க்குச் சில சொல்வேன். செயலியைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் பத்து நிமிடம் தாமே விளையாடிப் பார்க்க. விளம்பரம் தோன்றினால் நீக்கிவிடுக. வேண்டியதை இறக்கியபின் இணையத் தொடர்பை நிறுத்திக் கொடுக்க. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். உணவூட்டும் வேளையிலும் உறங்கும் வேளையிலும் வேண்டா. திரையிற் கண்டதை உடனே கையாற் செய்விக்க: 'மா' என்று கற்றால் முற்றத்து மண்ணிலே எழுதுக, மூன்று என்று எண்ணினால் மூன்று புளியங்கொட்டை எடுத்து வைக்க. அருகிருக்கத் தாய்க்கு நேரமில்லை என்பது மெய். உழைக்கும் தாயைக் குறைகூற நாம் யார்? தாய் இல்லாதவிடத்துப் பாட்டனோ, பாட்டியோ, நான்காம் ஐந்தாம் வகுப்பிற் பயிலும் அக்காளோ அருகிருக்கலாம். ஏடு தொடக்கும் நாளிற் பச்சையரிசியிலே எழுதுவிக்கின்றோம். அரிசி எழுத்தறிவிப்பதில்லை, விரலைப் பிடித்திருக்கும் கையே அறிவிக்கின்றது. கைபேசியும் அரிசி போன்றதே.

இறுதியாக, விழாக் கொண்டாடும் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவருட் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணினித் துறையிலே பணியாற்றுகின்றனர். ஊருக்குக் கட்டடமும் தளபாடமும் தந்த கைகள் அவை. இவ்வாண்டின் நினைவாக, வன்னிச் சிறார்க்கென்று ஒரு சிறு செயலியை ஆக்கித் தருவார்களாக. இணையமின்றி இயங்கல் வேண்டும். பழைய கைபேசியிலும் ஓடல் வேண்டும். விளம்பரம், கட்டணம், தகவல் திரட்டல் எதுவும் ஆகா. எழுத்துப் பயிற்சியும், முப்பது பாட்டும், இருபது கதையும், நம்மூர்ப் பறவை, மரம், கருவி ஆகியவற்றின் நூறு படமும் முதற்பதிப்புக்கு அமையும். குரலை நம் ஆசிரியைமாரும் முதியோரும் தருவர். படத்தை மாணவர் வரைவர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார். இலங்கைச் சட்டம் வகுத்த எழுபதாண்டு உரிமைக் காலம் கடந்துவிட்டமையால், அவர் சிறார்க்குப் பாடியவற்றைத் தடையின்றிச் சேர்க்கலாம். தன்னார்வலர் கூடினால் என்ன செய்தல் கூடும் என்பதை, 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுத்துவரும் நூலகம் திட்டம் நமக்குக் காட்டியிருக்கின்றது.

இதனைத் தொடங்குவதற்கு ஒரு குழுவும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். பாட்டிமாரின் குரலைப் பதியும் பணியை மட்டும் பின்போடலாகாது. ஏனையவற்றைப் பின்னரும் செய்யலாம். வரும் விசயதசமிக்கு ஏடு தொடக்கும் பிள்ளைகள், அரிசியில் எழுதிய கையோடு தம்மூர்த் தமிழையும் திரையிற் கேட்பாராயின், இவ்விழா பயனுடைத்தாகும்.