தீவுக்குப் போகிறீர்களா, கப்பலுக்குப் போகிறீர்களா?

திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. மிக அருகில் உள்ள கடற்கரை புதுச்சேரி. அதுவே நூறு கிலோமீட்டர் தூரம். ஆனாலும் தேரடி வீதியிலும் கப்பல் பேச்சு வந்துவிட்டது!

காரணம், கைபேசியில் வரும் விளம்பரங்கள். "உல்லாசக் கப்பலில் தீவுப் பயணம்! வெள்ளை மணல் கடற்கரை! கோல்ப் மைதானம்! ஊர் சுற்றிப் பார்க்கலாம்! சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கும்!" என்கிறார்கள். படத்தில் நீலக் கடல். அதன் நடுவே வெள்ளைக் கப்பல். பார்த்தவுடன் மனம் கிளம்பிவிடுகிறது.

கிளம்பட்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், திருவண்ணாமலைக்காரர்களைப் போல ஓய்வு தேவைப்படுகிறவர்கள் குறைவு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அவர்களுக்கு இட்லி சுடுவது யார்? பூத்தொடுப்பது யார்? அறை கொடுப்பது யார்? ஆட்டோ ஓட்டுவது யார்? இந்த ஊர்க்காரர்கள்தான். ஊர் உலகமெல்லாம் இங்கே பயணம் வருகிறது. இங்கே இருப்பவர்கள் எங்கும் போவதில்லை!

அப்படிப்பட்ட ஒரு குடும்பம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், ஆயுளில் ஒருமுறை தீவு பார்க்கக் கிளம்புகிறது என்றால், அந்தப் பணம் வீணாகக் கூடாது. ஆகவே பணம் கட்டும் முன்பு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போவது தீவுக்கா, கப்பலுக்கா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்று அல்ல.

கோபுரத்தைவிட நீளம்

சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் போவது கதை அல்ல. நடந்த விஷயம். கோர்டெலியா நிறுவனத்தின் "எம்ப்ரஸ்" என்ற கப்பல் 2023-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. மத்திய மந்திரி சர்பானந்த சோனோவால் கொடியசைத்து அனுப்பினார். அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அந்தப் பயணத் திட்டத்தில் இருந்தன.

கப்பல் எவ்வளவு பெரிது? அண்ணாமலையார் கோவில் ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அதைப்போல மூன்று மடங்கு எடுத்தாலும் கப்பலின் நீளம் அதற்கு மேல் இருக்கும். 690 அடிக்கும் அதிகம்! சுமார் 800 அறைகள். நீச்சல் குளம், நாடக மேடை, சாப்பாட்டுக் கூடங்கள், கடைகள் எல்லாம் உண்டு. 1990-ல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மியாமி நகரிலிருந்து பகாமா தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணம் போவதற்காகவே கட்டினார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இப்படிப்பட்ட கப்பல் ஒரு வண்டி அல்ல. மிதக்கும் ஓட்டல். வண்டிக்காரர் உங்களைச் சீக்கிரம் இறக்கிவிடப் பார்ப்பார். ஓட்டல்காரர் உங்களை உள்ளேயே வைத்திருக்கப் பார்ப்பார். நீங்கள் கப்பலுக்குள் இருந்தால்தான் அங்குள்ள கடையில் வாங்குவீர்கள், பானம் குடிப்பீர்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகு, சூதாட்டக் கூடத்தையும் திறப்பார்கள். கரையில் நின்றால் அந்த வருமானம் ஏது? அதனால்தான் கப்பல் கடலில் ஓடும் நேரம் அதிகம். தீவில் நிற்கும் நேரம் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

காலை 8 மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. அப்படி வைத்துக்கொள்வோம். 9 மணி நேரம் கிடைத்ததாகத் தோன்றும்.

ஆனால், ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் இறங்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை போட வேண்டும். அதில் ஒன்றரை மணி நேரம் போகும். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். பஸ்சில் போக வர இரண்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மிச்சம் என்ன? மூன்றரை மணி நேரம்! பாட்டியும் குழந்தையும் கூட இருந்தால் அதிலும் அரை மணி குறையும்.

ஆகவே எந்தத் துறைமுகம் என்பது மிகவும் முக்கியம். அம்பாந்தோட்டையில் இறங்கினால் கதிர்காமம் போய்வரலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பாதை. ஆனால் "இலங்கை போனோமே, கண்டியைப் பார்க்கவில்லையே!" என்று ஏங்கிப் பயனில்லை. கண்டி அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல்.

திரிகோணமலை அப்படி அல்ல. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கோணேசர் கோவில். கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையின் மேல் இருக்கிறது. திருவண்ணாமலையைப் போலவே அதுவும் ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை இரண்டும் ஊருக்கு அருகில்தான். காங்கேசன்துறையும் நல்ல இடம். கீரிமலைக் கேணி சில கிலோமீட்டரில். நல்லூர் கந்தசாமி கோவில் அரை மணிக்குச் சற்று மேல். கப்பலில்தான் போவது என்று முடிவு செய்தவர்கள், இந்த இரண்டு துறைமுகங்களில் ஒன்று திட்டத்தில் உண்டா என்று பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஆண்டு கப்பல் போகும் இடங்கள் மாறுகின்றன.

இன்னொன்று. திட்டத்தில் இருக்கும் துறைமுகத்துக்குக் கப்பல் போயே தீரும் என்பதற்கு உறுதி இல்லை. இதே கப்பல் 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சென்னையிலிருந்து முதல் பயணம் தொடங்கியது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று திட்டம். புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. சூதாட்டம் உள்ள கப்பல் வரக் கூடாது என்றார்கள். அரசு அனுமதி கொடுக்கவில்லை. பயணிகள் புதுச்சேரியைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி! மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூலையில்தான் புதுச்சேரி வந்தது. அப்போதும் கப்பல் கடலிலேயே நின்றது. சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அழைத்து வந்தார்கள்.

கோல்ப் யாருக்கு?

விளம்பரத்தில் கோல்ப் என்று ஒன்று வருகிறது. பந்தைக் கோலால் அடித்து 18 குழிகளில் ஒவ்வொன்றாகப் போடும் ஆட்டம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. கொழும்பில் 1879-லேயே கோல்ப் சங்கம் தொடங்கிவிட்டார்கள். நுவரேலியாவில் 1889-ல் தொடங்கினார்கள். அம்பாந்தோட்டையிலும் ஒரு பெரிய ஓட்டலில் 18 குழி மைதானம் இருக்கிறது.

ஒரு ஆட்டம் முடிய நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகும். கரையில் கிடைப்பதே மூன்றரை மணி நேரம் என்றால், கோல்ப் எப்போது ஆடுவது? தவிர, வீட்டில் ஒருவர் ஆடினால் மற்றவர்கள் வெயிலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். கட்டணமும் தனி. ஆடத் தெரிந்தவர்கள் ஆடட்டும். மற்றவர்கள் விளம்பரத்தில் அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் படிக்கலாம். நடப்பதுதான் ஆசை என்றால், 14 கிலோமீட்டர் நடந்து பழகிய கால்களுக்கு 18 குழி எம்மாத்திரம்!

கொழும்பு போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. அங்கே அவிசாவளைக்குப் போகும் ரெயில் பாதை, அந்தப் பழைய கோல்ப் மைதானத்தின் நடுவே ஓடுகிறது. ரெயில் டிக்கெட் எடுத்தால் போதும். ஜன்னல் வழியாகவே கோல்ப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் கப்பல் வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. கப்பலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஆண்கள் யோசிப்பதில்லை.

சாதாரணமாக ஒரு குடும்பம் ஊருக்குப் போனால், ஓய்வு யாருக்கு? புளிசாதம் கட்டுவது வீட்டுக்காரி. பெட்டி அடுக்குவது அவள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டுவதும் அவள்தான். குழந்தைக்குப் பால் தேடி ஓடுவதும் அவளே. திரும்பி வந்ததும் அழுக்குத் துணியோடு அவள் பயணம் தொடரும்! கப்பலில் அந்த வேலை இல்லை. ஒரே அறை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். சாப்பாடு தயாராக இருக்கும். சைவச் சாப்பாடும் உண்டு. வயதானவர்கள் பஸ் ஏறி இறங்க வேண்டியதில்லை. பௌர்ணமி இரவு முழுவதும் இட்லிப் பானையோடு நின்ற ஒரு பெண், மூன்று நாள் எதுவும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார விரும்பினால், அவளுக்குத் தீவே தேவையில்லை. கப்பல் போதும்.

ஆகவே இந்த விஷயத்தில் முடிவு எடுக்க வேண்டியது பணம் கட்டுகிறவர் மட்டும் அல்ல. அம்மாவைக் கேட்க வேண்டும். மனைவியைக் கேட்க வேண்டும். ஓய்வுதான் வேண்டும் என்றால் கப்பல். ஆனால் ஒரு எச்சரிக்கை. குறைந்த கட்டண அறைக்கு ஜன்னல் இருக்காது. கடலுக்குப் போய் நான்கு சுவரைப் பார்த்துப் படுக்கிறாற்போல! துறைமுகக் கட்டணம், பானங்கள், இன்டர்நெட், கரையில் சுற்றிக்காட்டும் செலவு இவையெல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுவது நல்லது.

தீவைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வழி வேறு.

அந்தக் காலத்தில் இலங்கை போனவர்கள் கப்பலில் தங்கவா போனார்கள்? 1914-ல் போட் மெயில் வந்தது. எழும்பூரில் ரெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து ஸ்டீமரில் இருபது மைல் சொச்சம். தலைமன்னாரில் மறுபடி ரெயில். நேரே கொழும்பு! சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் போயிற்று.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் உண்டு. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கினார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டு 16 முதல் "சிவகங்கை" என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. கடலில் நான்கு மணி நேரம்தான். நீச்சல் குளமும் இல்லை, நாடகமும் இல்லை. இறக்கிவிட்டுப் போய்விடும். அதுதான் வேண்டியது! திருவண்ணாமலையில் இரவு பஸ் ஏறினால், விழுப்புரம், சிதம்பரம் வழியாக விடிவதற்குள் நாகப்பட்டினம். யாழ்ப்பாணத்தில் நான்கு நாள் தங்கினால் நயினாதீவு, நெடுந்தீவு, காரைநகர் கசூரினா கடற்கரை எல்லாம் சாவகாசமாகப் பார்க்கலாம். பேச்சும் தமிழ், பலகையும் தமிழ்.

பாஸ்போர்ட் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அந்தமான் இருக்கிறது. சென்னையிலிருந்து அரசாங்கக் கப்பல் போகிறது. ஆனால் இரண்டரை, மூன்று நாள் ஆகும். அவசரக்காரர்களுக்கு விமானம். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் பார்க்க வேண்டும். ராமேசுவரமும் தீவுதான் என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது!

எப்போது போவது?

ஐப்பசி, கார்த்திகை கூடாது. 2024 டிசம்பர் 1-ந் தேதி பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலை அடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் மாண்டதை இந்த ஊர் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. அந்த மாதங்களில் நாகப்பட்டினம் கப்பலும் அடிக்கடி நின்றுவிடும். தீபத் திருவிழாவை விட்டு யாரும் கிளம்பப் போவதும் இல்லை. மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும். இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் பத்து நாள் எடுத்துக்கொண்டால் வியாபாரமும் கெடாது.

சென்னையில் கப்பல் ஏறுபவர்களுக்கு ஒரு வசதி. 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரை நிலையத்துக்கு நேரடி ரெயில் விட்டிருக்கிறார்கள். அந்த நிலையம் துறைமுகத்துக்கு எதிரேதான். ஆனால் கப்பல் புறப்படும் நாளிலேயே ரெயிலை நம்பிப் போகாமல், முதல் நாளே போய்விடுவது நல்லது. ரெயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 10 ஆண்டு, சிறுவர்களுக்கு 5 ஆண்டு செல்லும். புறப்படும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இலங்கைக்கு முன்கூட்டியே இன்டர்நெட்டில் பயண அனுமதியும் வாங்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா அட்டைகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மூன்று மாதம் முன்பே பார்த்து, தவறு இருந்தால் திருத்திவிட வேண்டும். முக்கியமாகப் பாட்டியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். "தீபத்துக்கு மறுநாள் பிறந்தேன்" என்று பாட்டி சொன்னால், பாஸ்போர்ட் ஆபீசில் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.