பென்ஷன் வேணுமா, கல்யாணம் வேணுமா?

நவம்பர் வந்தாலே எங்கள் கிளையில் கூட்டம்தான். பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் மாதமாச்சே! 2014-ல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரலை வைத்தால் போதும். ராணுவத்தாருக்கு ஸ்பர்ஷ் வந்ததில் பணமும் நேராகக் கணக்கில் விழுகிறது. எல்லாம் நவீனம்தான். ஆனால் குடும்ப பென்ஷன் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் இன்னொன்றும் கேட்கும்... மறுமணம் ஆகிவிட்டதா?

என் கோபமே அந்தக் கேள்வி மேல்தான்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு ராணுவம் ஏதோ தூரத்து விஷயமில்லை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே எம்.ஈ.ஜி. இருக்கிறது. 'தம்பி' என்றே செல்லப்பெயர் வாங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ். வேலூர், தர்மபுரிப் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் அங்கே!

சரி, விதி என்ன சொல்கிறது? சண்டையில் இறந்தால் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் பென்ஷன். பணியின் காரணமாக இறந்தால் 60 சதவீதம். பணிக்குச் சம்பந்தமில்லாத நோயில் இறந்தால் சாதாரணக் குடும்ப பென்ஷன், 30 சதவீதம் (ஆரம்ப வருடங்களில் மட்டும் 50). இந்த மூன்றாவது வகைப் பெண், கையில் குழந்தையோடு மறுமணம் செய்தால் அவள் பென்ஷன் நின்றுவிடும். குழந்தைக்குப் போகும், அதுவும் பொதுவாக 25 வயது வரை. குழந்தை இல்லாதவளுக்கு 2006 முதல் ஒரு சலுகை: மறுமணம் செய்தாலும் தொடரும், ஆனால் அவள் வருமானம் குறைந்தபட்ச பென்ஷனான 9,000 ரூபாயையும் அகவிலைப்படியையும் தாண்டக்கூடாது. அதாவது தாலி கட்டிக்கொள்ளலாம், உருப்படியான வேலைக்குப் போகக்கூடாது!

இப்போது ஆம்பளை கணக்கைப் பாருங்கள். ரிட்டயர் ஆன சுபேதார் மனைவியை இழந்து அறுபது வயதில் இன்னொரு கல்யாணம் செய்கிறார். அவர் பென்ஷனில் ஒரு பைசா குறையாது. அவருக்குப் பின் அந்த இரண்டாம் மனைவிக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. இருபத்து நாலு வயதில் தாலி அறுத்தவளுக்கு மட்டும் கண்டிஷன்.

"புதுப் புருஷன் காப்பாத்துவான்ல சார், அரசாங்கம் எதுக்குக் கொடுக்கணும்?" என்று என் சக ஊழியரே கேட்டார். பென்ஷன் என்ன பிச்சையா? அது கருணைக் காசு அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-லேயே சொல்லிவிட்டது. சம்பாதித்தவன் செத்துப்போனவன். அவன் மனைவி யாரோடு வாழ்கிறாள் என்பதற்கும் அவன் உழைப்புக்கும் என்ன சம்பந்தம்?

இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. வீரப் பதக்கத்தோடு வரும் மாதாந்திரத் தொகை, மறுமணம் செய்த விதவைக்குத் தொடர வேண்டுமென்றால் அவள் இறந்தவனின் சகோதரனைத்தான் கட்டியிருக்க வேண்டும்! 1995-ல் போட்ட உத்தரவு இது. பணம் வீட்டை விட்டுப் போகாமலிருக்கக் கொழுந்தன் தலையில் கட்டும் மாமியார் வீட்டுக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தது. 2017 நவம்பரில்தான் எடுத்தார்கள்.

அதே 2017 ஜூலையில், உயிர்நீத்த வீரர்களின் பிள்ளைகள் படிப்புச் செலவுக்கு மாதம் 10,000 என்று உச்சவரம்பு போட்டார்கள். நாலா பக்கமும் சத்தம் கிளம்பியது, 2018 மார்ச்சில் அதுவும் போனது. சத்தம் போட்டால் நடக்கிறது! பிள்ளைகளுக்காகப் போட்டோம். அவர்களுடைய அம்மாவின் கல்யாணம் என்றால் மட்டும் நமக்கு ஏன் தொண்டை அடைத்துக்கொள்கிறது?